பாக்டீரியாவுக்குச் சமைத்த பண்டாரி

உலகத்தில் எத்தனையோ லேப்களில் எத்தனையோ பேர் பாக்டீரியா வளர்க்கிறார்கள். ஆனால் அதற்குச் சாப்பாடு போடும் முன் ஒரு கரண்டி எடுத்து, உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இனிப்பு வேணும்" என்று சொன்ன மனிதர் எங்கள் பண்டாரி ஒருவர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் இன்னொருவரைக் காட்டட்டும்.

பண்டாரி என்பது அவர் பெயரல்ல. தோணியில் சமையல்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போகும் தோணிகளில் இருபது வருடம் பொங்கிப் போட்டவர். முழங்கால் தகராறு செய்ததும் கரையேறிவிட்டார். புன்னைக்காயல்காரர். எங்கள் வருகைப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று ஒன்றரை வரிக்கு அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

எங்கள் ஆய்வுக்கூடம் துறைமுகச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் இறால் உரிக்கும் கூடமாக இருந்த கட்டடத்தில் இருந்தது. மழை பெய்தால் சுவரிலிருந்து இறால் வாசனை வரும். ஆட்கள் மூன்றே பேர். எல்லாவற்றுக்கும் தலைவியான மேடம், எம்.டெக் முடித்துவிட்டு முதல் வேலைக்கு வந்திருந்த நான், பாத்திரம் கழுவுவதற்காகச் சேர்க்கப்பட்ட பண்டாரி. சேர்ந்த இரண்டாவது வாரத்தில் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு அவர் அடுப்பைப் பிடித்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை. அடுப்பு இருக்கும் இடத்தில் தான் சும்மா நிற்பது அவருக்குக் கேவலமாகப் பட்டது.

நாங்கள் செய்த வேலை இதுதான். தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை, கொஞ்சம் வினிகர், ஒரு சிட்டிகை உரம் சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டும். ஆறியதும் அகலமான தட்டுகளில் ஊற்றி ஒரு வகை பாக்டீரியாவை விட வேண்டும். அது திரவத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செல்லுலோஸ் நூலை நூற்று, பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு வெள்ளைப் படலமாக நெய்துவிடும். பார்க்க இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும். கழுவிச் சுத்தம் செய்தால், ஈரம் காயாத, மென்மையான தாள். தீக்காயத்தின் மேல் போட நல்லது. ஒட்டிக்கொள்ளாது, பிரிக்கும்போது உயிர் போகாது.

அந்த பாக்டீரியாவின் தேவைகளை நான் பட்டியலிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஒன்று, முப்பது டிகிரி சூடு. இரண்டு, லேசான புளிப்பு. மூன்று, மேலே காற்று. நான்கு, தட்டு ஆடக் கூடாது. ஐந்து, அளவான சாப்பாடு. பண்டாரி அதை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்துவிட்டு, "எங்க தண்டலும் இதேதான் கேப்பாரு" என்றார். தண்டல் என்றால் தோணியின் தலைவர்.

எங்கள் பிரச்சினை என்னவென்றால், தாள் ஒரே மாதிரி வராது. ஒரு முறை விரல் தடிமனில் வரும். அதே கலவை, அதே சூடு, அடுத்த முறை அப்பளம். எங்களோடு சேர்ந்து வேலை செய்த மருத்துவர்கள், "ரெண்டு தாளாவது ஒரே மாதிரி கொடுங்க, அப்புறம்தான் நாங்க சோதிச்சுப் பார்க்க முடியும்" என்று சொல்லிவிட்டார்கள். நிதி தரும் அமைப்பிலிருந்து மூன்று பேர் ஆறு வாரத்தில் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. தடிமனாகவும் ஒரே சீராகவும் தாள் வளர்க்கும் முறையைக் காட்டாவிட்டால், வருடக் கடைசியோடு எங்கள் கூடத்துக்குப் பூட்டு. மேடத்துக்கு வேறு இடம் கிடைக்கும். எனக்கும் எப்படியோ ஒன்று கிடைக்கலாம். முழங்கால் போன தோணிச் சமையல்காரருக்கு எங்கே கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பட்டியலில் ஒரு வரிகூட விழவில்லை.

வளர்ப்பு அறைக் கதவில் இன்னொரு பட்டியலும் இருந்தது, விதிகளுக்காக. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதில் மூன்றே விதிகள். செருப்பைக் கழற்று, கையைக் கழுவு, மூடியைத் திறக்காதே. பண்டாரி வந்த எட்டு மாதத்தில் பத்தொன்பது ஆயிற்று. பதினாறு விதிகளுக்கும் காரணகர்த்தா அவரே.

விதி நான்கு: உரம் போட்ட பிறகு ருசி பார்க்கக் கூடாது. இதற்கு விளக்கம் வேண்டாம்.

விதி ஐந்து: உப்புப் போடக் கூடாது. ஒருநாள் கலவையை நக்கிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். "பாப்பா, இதுல உப்பே இல்லயே. இதைக் குடிச்சிட்டு எவன் நெசவு நெய்வான்?" என்று கேட்டார். அண்ணாச்சி, இதுக்கு உப்பு ஆகாது என்றேன். சரி என்றுதான் தலையாட்டினார். அந்த வாரம் எல்லாத் தட்டிலும் படலம் பாதிகூட வளரவில்லை. விசாரித்ததில், "ஒரு கை அளவுதான். தூத்துக்குடியில இருந்துக்கிட்டு உப்பில்லாம போட எனக்கே கூச்சமா இருந்திச்சு" என்றார்.

விதி ஒன்பது பதநீருக்காக. தேங்காய்த் தண்ணீருக்குப் பதில் பதநீரில் வளர்த்துப் பார்க்கலாம் என்று மேடத்துக்கு ஒரு யோசனை. பண்டாரி சாயர்புரம் பக்கம் போய் முதல் தரமான பதநீர் இரண்டு குடம் கொண்டுவந்தார். வழியெல்லாம் வெயில் படாமல் ஈரச் சாக்குப் போட்டு மூடி, கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்தார். பதினைந்து நாள் ஆகியும் ஒரு படலமும் இல்லை. சோதித்துப் பார்த்தால் சுண்ணாம்பு. புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு எங்கள் பாக்டீரியாவையும் படுக்கவைத்துவிட்டது.

"சுண்ணாம்பு இல்லாமக் கொண்டு வந்திருக்கலாமே?" என்று மேடம் கேட்டார்.

"சுண்ணாம்பு இல்லாம எறக்கினா அதுக்குப் பேரு வேற, மேடம். நான் குடத்தோட பஸ்ஸுல வந்திருக்க மாட்டேன். போலீஸ் ஜீப்புலதான் வந்திருப்பேன்."

விதி பதினொன்று: அலமாரியைத் தொங்கவிடக் கூடாது. சாலையில் கண்டெய்னர் லாரி போகும்போது எங்கள் தட்டுகள் லேசாக அதிரும். தோணியில் அலையடிக்கும்போது விளக்கு ஏன் சாய்வதில்லை, தொங்குவதால்தானே என்று பண்டாரி யோசித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியை நைலான் கயிற்றில் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டுவிட்டார். முடிச்சுகள் பிரமாதம். லாரியின் அதிர்வு சுத்தமாக நின்றுபோனது. ஆனால் மின்விசிறிக் காற்றில் அலமாரி தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்தது. திங்கள்கிழமை பார்த்தால் படலங்கள் எல்லாம் துவைத்துப் பிழிந்த லுங்கி மாதிரி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தன.

"மாலத்தீவு போய் வந்த மாதிரி இருக்குவ" என்று அவற்றை அனுதாபத்தோடு பார்த்தார்.

இத்தனைக்கும் அவரை வேலையை விட்டு அனுப்பாததற்கு ஒரே காரணம், அவர் கை. நிறையத் திரவம் உள்ள தட்டை எடுத்துக்கொண்டு அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடப்பார். மேற்பரப்பில் ஒரு சுருக்கம் விழாது. முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்புக்கு மேலே எதுவும் அசையாமல் ஒரு நடை. நானும் மேடமும் அதே மாதிரி நடந்து பழகினோம். கதவு வழியாக எட்டிப்பார்த்த கூரியர்காரர், இங்கே எல்லோருக்கும் முதுகுவலியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பார்வையாளர்கள் வருவதற்கு முன் நான் போட்ட திட்டம் எளிமையானது. மொத்தம் பன்னிரண்டு தட்டு. எல்லாவற்றிலும் ஒரே கலவையில் வளர்ப்பைத் தொடங்க வேண்டும். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, படலம் கலையாமல் ஓரமாகப் புதுக் கலவை ஊற்ற வேண்டும். முதல் நான்கு தட்டுக்கு ஒன்றும் கிடையாது. அடுத்த நான்கிற்கு ஐம்பது மில்லி. கடைசி நான்கிற்கு நூறு மில்லி. எது நன்றாக வளர்கிறதோ அதுதான் எங்கள் முறை. நான் ஊற்றினால் படலம் கிழியும். ஆகவே ஊற்றும் வேலை பண்டாரிக்கு. அளந்து, பாட்டிலில் தட்டு எண் எழுதி, அவரிடம் கொடுப்பது என் வேலை.

முதல் தடவை பாட்டில்களைக் கொடுத்தபோது அவர் எண்ணிப் பார்த்தார்.

"எட்டுதான் இருக்கு. இந்த நாலு பயலுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி."

"ஏன், என்ன தப்பு பண்ணுனானுவ?"

"தப்பெல்லாம் பண்ணல. மத்ததோட ஒப்பிட்டுப் பார்க்க."

"பன்னெண்டு நாளைக்குமா?"

"பன்னெண்டு நாளைக்கும்."

அவர் அதற்குமேல் பேசவில்லை. புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். ஒருவர் பேசாமல் இருந்தால் புரிந்துகொண்டார் என்று முடிவுகட்டக் கூடாது. அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றில் இதுதான் முதலாவது.

பன்னிரண்டாம் நாள் தாள்களை எடுத்து அளந்தேன். ஒவ்வொன்றையும் ஐந்து இடத்தில். பட்டினி கிடந்தது, அரைவயிறு சாப்பிட்டது, முழுவயிறு சாப்பிட்டது, எல்லாம் ஒரே தடிமன். அதிகபட்ச வித்தியாசம் அரை மில்லிமீட்டர். அளவுகோலை மாற்றி மறுபடி அளந்தேன். மேடம் வந்து அளந்தார். அதேதான்.

"அப்ப ஃபீட் பண்றதும் பண்ணாம இருக்கறதும் ஒண்ணுன்னு ஆகுதே! நாலு நாள்ல அவங்க வர்றாங்க, நான் என்ன சொல்லட்டும்?" என்று மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வழக்கம்போலப் பட்டியல் போட்டேன். எங்கே தவறு நடந்திருக்கலாம் என்று பதினொரு காரணங்கள். தராசு, சூடு, தட்டின் எண் மாறியது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து அடித்துக்கொண்டே வந்தேன். பதினொன்றும் போயிற்று. பட்டியலில் இல்லாத காரணம் வாசலில் உட்கார்ந்து டீயில் மக்ரூனைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, நான் கொடுத்த பாட்டிலை எல்லாம் எப்படி ஊத்துனிய?"

"எப்படி ஊத்துவாவ? ஓரமாத்தான். ஒரு சொட்டு மேல விழல."

"எந்த பாட்டில் எந்தத் தட்டுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணாக் கலந்துதான், பாப்பா."

"கலந்தா?"

"எட்டு பாட்டிலையும் பெரிய சட்டியில ஊத்தி, கலக்கி, பன்னெண்டாப் பங்கு வச்சேன். சட்டியக் குக்கர்ல வேகவச்சுத்தான் எடுத்தேன். ஒங்க சட்டம் ஒண்ணையும் மீறல."

கதவைப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். பத்தொன்பது விதியிலும் கலக்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

"ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணுனிய?"

"தோணியிலயும் பன்னெண்டு பேருதான், பாப்பா. காத்து மாறிப்போயி கரை வராம நிக்கும்போது இருக்கறதை எல்லாம் ஒரே சட்டியில போட்டுருவோம். பன்னெண்டு தட்டு, ஒரே கரண்டி. ஒருத்தனுக்கு ஒரு கரண்டி கூடப் போட்டுப் பாருங்க, மாலத்தீவு போய்ச் சேர்றதுக்குள்ள ஒருத்தனை ஒருத்தன் கடல்ல தள்ளிருவான்."

"இது பாக்டீரியா அண்ணாச்சி!"

"அதுக்குப் பசிக்காதா?"

நான் கோபப்படுகிற ஆள் இல்லை. அன்று மட்டும் காகிதத்தை மேசையில் வைத்து, இதனால் என்ன ஆகும் என்று அவருக்கு ஒன்று, இரண்டு போட்டுச் சொன்னேன். ஆறு வார வேலை வீண். காட்டுவதற்கு ஒன்றுமில்லை. கூடம் மூடப்படும். மூன்று பேருக்கும் வேலை போகும். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நான்கையும் கேட்டார். பாதி மக்ரூனைத் தாளில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அதைத் தின்ன அவருக்கு மனசு வரவில்லை என்று தெரிந்தது.

மறுநாள் நான் போகும் முன்பே அவர் மேடம் அறைக்குப் போய் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டிருந்தார். மேடம் பத்து நிமிடம் சத்தம் போட்டார், பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில். ஆங்கிலம் வந்தபோதெல்லாம் பண்டாரி தலையை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்துகொண்டாராம். "நான் போயிருதேன் மேடம், பாப்பா மேல பழி வராமப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

மேடம் என்னைக் கூப்பிட்டு, "நீயே ரிப்போர்ட் எழுது. இவரை வச்சுக்கறதா வேண்டாமான்னு கடைசியில ஒரு வரி எழுதிக் கொடு" என்றார்.

தாளை இரண்டாக மடித்தேன். இடது பக்கம் நமக்குத் தெரியாதது. வலது பக்கம் நமக்குத் தெரிந்தது. இடது பக்கம் சீக்கிரம் நிரம்பிவிட்டது. எவ்வளவு ஊற்றினால் நல்லது என்று தெரியாது, ஊற்றாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. வலது பக்கத்தில் எழுத ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பன்னிரண்டு தட்டுக்கும் தலா ஐம்பது மில்லி வீதம் மூன்று முறை ஊற்றப்பட்டது. பன்னிரண்டு தாளும் ஒரே மாதிரி வந்தன.

அந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு தாள் ஒரே மாதிரி. இரண்டே இரண்டு தாளுக்காகத்தானே ஒரு வருடமாக அலைந்துகொண்டிருக்கிறோம்?

அப்புறம்தான் காரணம் பிடிபட்டது. தேங்காய்த் தண்ணீர் ஒரு கேனுக்கு ஒரு கேன் மாறும். முற்றல், இளசு, நேற்று உடைத்தது, இன்று உடைத்தது. கையில் வந்த கேனை அப்படியே நான் பாட்டில்களில் அளந்து ஊற்றுவேன். பாட்டிலுக்குப் பாட்டில் அந்த வித்தியாசமும் சேர்ந்து போகும். பண்டாரியின் பெரிய சட்டியில் எல்லாம் கலந்து ஒன்றாகிவிட்டன. இது அவருடைய ஞானம் ஒன்றும் இல்லை. அவர் கலந்தது வேறு காரணத்துக்கு, நடந்தது வேறு. அவரிடம் சொன்னபோது, "தேங்காய்த் தண்ணிய நான் நெனைக்கவே இல்ல" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

பார்வையாளர்கள் வந்த அன்று நான் எதையும் மறைக்கவில்லை. திட்டம் இது, நடந்தது இது, பன்னிரண்டு தாள் இதோ என்று வரிசையாக வைத்தேன். மூவரில் மூத்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "இதை ஊற்றினது யார்? கூப்பிடுங்கள்" என்றார்.

பண்டாரி தேய்த்த சட்டையில் வந்து நின்றார். கோயிலுக்குப் போகிற சட்டை.

"கொடுக்கக் கூடாது என்று சொன்ன தட்டுக்கும் ஏன் கொடுத்தீர்கள்?"

"சார், மத்தியானம் சாப்பிட்டியளா?"

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் ஆச்சரியத்தோடு, "சாப்பிட்டாச்சு" என்றார்.

"மூணு பேருமா?"

"மூன்று பேரும்."

"ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் எலை போட்டு, இந்த சாரைச் சும்மா பாத்துக்கிட்டு இருங்கன்னு சொல்லியிருந்தா, இப்படி ஒத்துமையா இங்கன உக்காந்திருப்பியளா?"

கடைசியில் உட்கார்ந்திருந்தவருக்குச் சிரிப்பு வந்து தண்ணீர் புரையேறியது. பெரியவர் சிரிக்கவில்லை, ஆனால் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரே சட்டியில் கலக்கும் முறை தொடரட்டும், ஒரு வருடம் நீட்டிக்கலாம், ஆனால் முதலில் போட்ட திட்டத்தை ஒருமுறை சரியாகச் செய்துகாட்ட வேண்டும், நான்கு தட்டுக்கு ஒன்றும் கொடுக்காமல் என்றார்.

ரிப்போர்ட்டின் கடைசி வரியில் நான் என்ன எழுதினேன் என்பதை மேடம் பிறகு கேட்கவே இல்லை.

அந்தச் சோதனையை மறுபடி செய்தோம். பண்டாரி இந்த முறை சொன்னபடி செய்தார். எட்டுத் தட்டுக்கும் எழுதிய அளவுப்படி ஊற்றினார். மீதி நான்கையும் தாண்டும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, முழங்கால் வலியையும் மறந்து விறுவிறுவென்று நடந்தார். ஒன்பதாம் நாளோடு அந்த அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் அவர் வரும் முன்பே போய் அந்த நான்கு தாளையும் எடுத்து, அளந்து, நோட்டில் எழுதி, நானே கழுவி உள்ளே வைத்துவிட்டேன். வெங்காயச் சருகு மாதிரி இருந்தன. கொஞ்ச நேரத்தில் பண்டாரி வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

"பாப்பா, அந்த நாலு பயலும் எப்படி இருக்கானுவ?"

நோட்டை மூடினேன்.

"மத்தவனுவ மாதிரியே இருக்கானுவ, அண்ணாச்சி. ஒரு வித்தியாசமும் இல்ல."

"எனக்குத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகச் சட்டியைக் கழுவப் போனார்.

இப்போது வேறு ஊரில், இதைவிடப் பெரிய லேபில் இருக்கிறேன். தினமும் எதையாவது அளந்து யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தே நான் தவறாகச் சொன்ன அளவு இதுவரை அது ஒன்றுதான்.